மறுபடி அனுப்பவும்

"பார்த்தேன். திருப்தி இல்லை. மறுபடி அனுப்பவும்."

மேனேஜர் பெரியநாயகத்திடமிருந்து வந்த மெயிலில் இவ்வளவுதான் இருந்தது. வனமாமலை கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தான். கண்ணாடியில் குறையில்லை என்று தெரிந்தது.

"இன்னாண்ணா சொல்றாரு?" என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்த ஷாலின்.

"திருப்தி இல்லையாம்."

"எதுல?"

"அதச் சொல்லலியே. 'நான் ஊருக்குப் போயிட்டா ரிப்போர்ட்ட ஷாலின் பாத்துக்கிடுவா'ன்னு எழுதினேன். இதுல திருப்தி இல்லாமப் போக என்ன இருக்குன்னு தெரியல."

"அப்ப என் மேலதான் திருப்தி இல்ல போல."

"இருக்கும்" என்றான் வனமாமலை. அவன் எதையும் முறையாக யோசித்துப் பதில் சொல்கிறவன். ஷாலின் முறைத்ததைக் கவனிக்கவில்லை.

விஷயம் இதுதான். வனமாமலைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்குநேரியில் நிச்சயதார்த்தம். இன்று வெள்ளிக்கிழமை. ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் வண்டலூர் வரை போய், அங்கிருந்து கிளாம்பாக்கம் போய், ராத்திரி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். இதே நிச்சயதார்த்தம் ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. அப்போது ஆடிட் என்று சொல்லி லீவு தரவில்லை. மாப்பிள்ளை இல்லாத நிச்சயதார்த்தத்துக்கு வந்திருந்தவர்கள் கேசரி சாப்பிட்டுவிட்டுக் கலைந்து போனார்கள்.

இந்த முறை பெரியநாயகம் லீவு தரமாட்டேன் என்று சொல்லவில்லை. புதன்கிழமையே ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். "நீ போகலாம். ரிப்போர்ட் நிற்கக் கூடாது. ஷாலின் தனியாகச் செய்து அனுப்பட்டும். நான் சரி என்று சொன்ன பிறகு கிளம்பு. நான் யூனிட் இரண்டில் இருப்பேன். மீட்டிங். போன் பண்ணாதே. மெயில் போடு."

அவர் பேச்சே அப்படித்தான். மொத்தத்தில் நாலைந்து வாக்கியங்கள்தாம் வைத்திருப்பார். அவற்றையே இடம் பார்த்து எடுத்துப் போடுவார். அதை வைத்துத்தான் ஒரகடத்தில் கார் கதவு ரப்பர் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் குவாலிட்டி பிரிவு முழுவதையும் நிர்வாகம் செய்துவந்தார்.

எந்த லைனில் எத்தனை ரப்பர் கழிந்தது, ஏன் கழிந்தது என்று தினமும் அவருக்கு ஒரு ரிப்போர்ட் போக வேண்டும். அதைச் செய்வதுதான் வனமாமலையின் வேலை. முன்பெல்லாம் ஆளுக்கொரு கால்குலேட்டரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். வனமாமலை சேரப்பணஞ்சேரியில் தான் தங்கியிருக்கும் அறையில் யூடியூப் பார்த்துப் பைத்தான் கற்றுக்கொண்டு வந்தான். அதிலிருந்துதான் இந்தக் கஷ்டகாலம்.

அவன் கற்றது ஒரு கறுப்பு ஜன்னல். அதில் ஒரு கட்டளையைத் தட்டி என்டர் அடித்தால் உடனே செய்துகாட்டும். பிறகு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். முறையாகப் படித்தவர்கள் எல்லாக் கட்டளைகளையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு மொத்தமாக ஓட்டுவார்களாம். யூடியூபில் அந்தப் பாடம் வருவதற்குள் வனமாமலையின் டேட்டா தீர்ந்துவிட்டது. ஆகவே அவன் ஒவ்வொரு வரியாகத் தட்டினான். தப்பாகப் போனால் அடுத்த வரியில் சரிசெய்தான். நேற்றுத் தட்டிய வரி இன்றைக்கு வேண்டுமென்றால் மேல் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போவான். பழைய வரிகள் ஒவ்வொன்றாக வரும். வேண்டியது வந்ததும் என்டர்.

மேற்படி ஜன்னலைப் பொங்கலுக்குப் பிறகு அவன் மூடவே இல்லை. மூடினால் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அதற்கு மறந்துவிடும். கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒரு தாள் ஒட்டியிருந்தான்: 'தயவுசெய்து அணைக்க வேண்டாம். அணைத்தால் நான் பொறுப்பல்ல. இப்படிக்கு, வனமாமலை.' துடைக்க வருகிற அன்னபுஷ்பம் அக்கா அந்தத் தாளைப் பார்த்து, அந்த மேஜையையே துடைக்காமல் விட்டுவிட்டாள்.

"சரி, நான் தனியா எப்டிதாண்ணா செய்றது?" என்றாள் ஷாலின்.

"மேல் அம்புக்குறிய அமுக்கணும்."

"எத்தினி வாட்டி?"

"அது மனசுல இருக்கும்."

"யார் மனசுல?"

வனமாமலை யோசித்தான். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

"கொஞ்சம் பொறு. இதுக்கு ஒரு வழி இருக்கும்லா" என்று யூடியூபைத் திறந்தான்.

வழி இருந்தது. அந்த ஜன்னலில் இதுவரை தட்டிய அத்தனை வரிகளையும் வரிசை மாறாமல் ஒரு ஃபைலில் சேமித்துத் தரும் கட்டளை ஒன்று இருந்தது. வனமாமலை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். அந்த ஃபைலுக்கு 'ஊருக்கு' என்று பெயர் வைத்தான்.

"இங்க பாரு ஷாலின். நான் தட்டினது அம்புட்டும் இதுக்குள்ள இருக்கு. நீ ஒண்ணும் செய்யாண்டாம். இத அப்படியே எடுத்து ஜன்னல்ல ஒட்டி என்டர் அடி. நானே பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வரியா தட்டுன மாதிரி ஓடும்."

"அப்ப நீ ஊர்ல மோதிரம் போட்டுக்கினே இங்க தட்டிக்கினு இருப்ப."

"அம்புட்டுதான்."

"சூப்பர்ண்ணா" என்று ஷாலின் ஒட்டி என்டர் அடித்தாள்.

வனமாமலை சொன்னது முழுக்க உண்மையாக இருந்தது. அதில்தான் வினை. பொங்கலிலிருந்து அவன் தட்டிய அத்தனையும் திரையில் ஓட ஆரம்பித்தது. தப்பாகத் தட்டியது தப்பாகவே ஓடி, சிவப்பு எழுத்தில் திட்டு வாங்கி, அடுத்த வரியில் திருந்தியது. ஒரகடத்திலிருந்து நாங்குநேரிக்குப் பஸ் எவ்வளவு வேகத்தில் போனால் எப்போது போய்ச் சேரலாம் என்ற கணக்கு வந்தது. அதே கணக்கு, ரயிலாக இருந்தால் என்ற இன்னொரு தினுசிலும் வந்தது. அதன் பிறகு திரை முழுவதும் ஒரே பெயர் மேலிருந்து கீழாக இறங்கியது.

கனகலட்சுமி. கனகலட்சுமி. கனகலட்சுமி. கனகலட்சுமி.

"யாருண்ணா இது? எந்த லைன்ல ரிஜெக்ட் ஆச்சு?"

"ஒரே வார்த்தைய திரும்பத் திரும்பப் போட முடியுமான்னு பழகிப் பாத்தேன்."

"வேற வார்த்தையே கிடைக்கல?"

அதற்குள் பெயர் நின்று வேறொன்று ஓட ஆரம்பித்திருந்தது.

அனுப்பப்பட்டது. அனுப்பப்பட்டது. அனுப்பப்பட்டது.

"இது இன்னாது அனுப்புது?"

வனமாமலைக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் ரிப்போர்ட்டின் கடைசி வரி அதை மேனேஜருக்கு மெயில் அனுப்பும் வரி. பொங்கலிலிருந்து ஒவ்வொரு நாளும் அதைத் தட்டியிருக்கிறான். இப்போது பொங்கலிலிருந்து ஒவ்வொரு நாளின் ரிப்போர்ட்டும் பெரியநாயகத்துக்கு மறுபடி போய்க்கொண்டிருந்தது. முதல் நாள் பரீட்சை பார்ப்பதற்காக அனுப்பிய 'சார் வணக்கம், இது வருதா' என்பதும் போயிற்று.

ஒருவழியாக ஓடி முடிந்தது. பிறகு பதில்கள் வர ஆரம்பித்தன.

"காரணம் என்ன? விளக்கவும்."

"நான் இதை எதிர்பார்க்கவில்லை."

"மிக நன்று. இதையே தொடரவும்."

"பார்த்தேன். திருப்தி இல்லை. மறுபடி அனுப்பவும்."

"ஒண்ணொண்ணுக்கும் தனித்தனியா போட்டுக்கினு இருக்காருண்ணா!" என்றாள் ஷாலின், வாயில் கையை வைத்து.

"என்ன மனுசன் பாரு" என்றான் வனமாமலை. பயத்தையும் மீறி அவனுக்கு மரியாதை வந்தது. "மீட்டிங்ல உக்காந்துகிட்டே ஒவ்வொண்ணையும் தொறந்து படிச்சிருக்காரு. மாசி மாசத்து ரிப்போர்ட்டு நல்லாருக்குன்னு சொல்லுதாரு. உண்மைதான், அன்னைக்கு நல்ல உற்பத்தி."

போன் அடித்தது. கனகலட்சுமி. வனமாமலையின் அத்தை மகள். ஆகவே நிச்சயத்துக்கு முன்பே அவனைத் திட்டும் உரிமை அவளுக்கு இருந்தது.

"அத்தான், கெளம்பிட்டியளா?"

"வேல ஓடிட்டு இருக்கு பிள்ள."

"போன தடவையும் இதத்தான் சொன்னிய. அப்பா நேத்து ராத்திரி என்ன சொன்னாவ தெரியுமா? 'இந்த தடவையும் மாப்பிள வரலன்னா, கேசரி திங்க வந்தவங்கள்ல நல்ல பையனாப் பாத்து முடிச்சிருவேன்'ன்னாவ."

"மாமா வெளையாட்டுக்குச் சொல்லிருப்பாவ."

"கேசரி திங்க யார் யாரக் கூப்பிடணும்னு அவுகளே ஒக்காந்து யோசிச்சிட்டு இருக்காவ. அது வெளையாட்டாத் தெரியல."

வனமாமலை போனை வைத்துவிட்டு ஃபைலைத் திறந்தான். இரண்டாவது வழியை முறையாகச் செய்வது என்று முடிவெடுத்தான். அதாவது, தப்பான வரிகளை எல்லாம் எடுத்துவிடுவது. பஸ் கணக்கை எடுத்தான். ரயில் கணக்கை எடுத்தான். கனகலட்சுமியையும் எடுத்தான். ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்ப வந்த வரிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்தான். கேன்டீனில் சாப்பாட்டு மணி அடித்தது. போகவில்லை. ஷாலின் போய் வந்து, "இன்னிக்கி முட்டை" என்று தகவல் மட்டும் சொன்னாள்.

கடைசியில் ஃபைல் குச்சி மாதிரி மெலிந்து நின்றது. இனி அதை ஒட்ட வேண்டியதில்லை. 'ஊருக்கு ஃபைலை ஓட்டு' என்று ஒரே ஒரு வரி தட்டினால் போதும்.

"நீயே தட்டு" என்றான். "நான் தொடமாட்டேன்." கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

ஷாலின் தட்டினாள். சிவப்பு எழுத்து இல்லை. பஸ் இல்லை, ரயில் இல்லை. ஒரே ஒரு முறை, 'அனுப்பப்பட்டது'.

இருவரும் மெயிலைப் பார்த்தபடி நின்றார்கள். பதில் வந்தது.

"மிக நன்று. இதையே தொடரவும்."

"ஐயோ அண்ணா!" என்று ஷாலின் கைதட்டினாள். "சார் ஓகே சொல்ட்டாரு. பைய எடு. கிளம்பு."

வனமாமலை பையை எடுத்தான். அப்படியே போயிருக்கலாம். ஆனால் அவன் எதையும் ஒருமுறை சரிபார்க்காமல் விடுகிறவன் அல்ல. ஷாலின் தனியாகச் செய்த முதல் ரிப்போர்ட், எப்படி இருக்கிறது என்று திறந்து பார்த்தான்.

எல்லா லைனிலும் கழிவு பூஜ்யம்.

"பாத்தியா, எவ்ளோ நல்லா வந்துகீது" என்றாள் ஷாலின்.

"உற்பத்தியும் பூஜ்யம்" என்றான் வனமாமலை.

தேதியைப் பார்த்தான். மின்சாரம் இல்லாமல் லைன் முழுவதும் நின்றுபோன ஒரு செவ்வாய்க்கிழமை. தேதி வரிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்தபோது, அவன் வைத்துக்கொண்டது அந்தச் செவ்வாய்க்கிழமையை. இனி யார் எப்போது ஓட்டினாலும் இந்தத் தொழிற்சாலைக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

பையைக் கீழே வைத்தான்.

"அண்ணா, சாரே மிக நன்றுன்னுட்டாரு. நீ ஏண்ணா தோண்டிக்கினு கீற? திங்கக்கெழம பாத்துக்கலாம்."

"திங்கக்கெழம இது கஸ்டமருக்குப் போவும்லா. ஒரு ரப்பரும் செய்யாம ஒரு ரப்பரும் கழியலன்னு எழுதி, அதுல என் பேரு இருக்கும்."

"பேர எடுத்துடு."

"அது முறையில்ல."

ஷாலின் தலையில் கைவைத்துக்கொண்டாள். வனமாமலை உட்கார்ந்து தட்டினான்: 'மதிப்பிற்குரிய ஐயா, சற்றுமுன் தாங்கள் பாராட்டிய ரிப்போர்ட் மின்தடை நாளுக்குரியது. என் கவனக்குறைவே காரணம். தாங்கள் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ள வேண்டும்.'

அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை.

"பார்த்தேன். திருப்தி இல்லை. மறுபடி அனுப்பவும்."

"வாய வச்சிக்கினு சும்மா இருந்தியா?" என்றாள் ஷாலின்.

"சரியான ரிப்போர்ட்ட மறுபடி அனுப்பச் சொல்லுதாரு. நியாயம்தானே."

மூன்றாவது வழி. கம்ப்யூட்டரிடமே 'இன்றைக்கு என்ன தேதி' என்று கேட்டு வாங்கும் வரியை ஜன்னலில் தட்டிப் பார்த்தான். சரியாக வந்தது. அதன் பின் இன்றைய ரிப்போர்ட்டைச் செய்யும் வரி, அனுப்பும் வரி. இவற்றைக் கையால் ஃபைலில் எழுதினால் மறுபடி எழுத்துப்பிழை வரும் என்று பயந்தான். ஆகவே முறைப்படி, 'இன்று மதியத்திலிருந்து இந்த ஜன்னலில் தட்டியதையெல்லாம் ஊருக்கு ஃபைலின் கடைசியில் சேர்த்துக்கொள்' என்று கட்டளையிட்டான். சேர்ந்துகொண்டது.

"இப்ப ஓட்டு."

"நீ நல்லா யோசிச்சியாண்ணா?"

"யோசிச்சிட்டேன். ஓட்டு."

ஓட்டினாள். அனுப்பப்பட்டது. இருவரும் மூச்சு விட்டார்கள். அனுப்பப்பட்டது.

"ரெண்டு வாட்டி போச்சு."

அனுப்பப்பட்டது. அனுப்பப்பட்டது.

"நான் ஒரு வாட்டிதாண்ணா என்டர் அடிச்சேன்! சத்தியமா ஒரு வாட்டிதான்!"

வனமாமலை ஃபைலைத் திறந்து பார்த்தான். பார்த்ததும் நெற்றியில் அறைந்துகொண்டான். மதியத்திலிருந்து ஜன்னலில் தட்டியதெல்லாம் சேர்ந்திருந்தது. மதியம் ஷாலின் தட்டிய 'ஊருக்கு ஃபைலை ஓட்டு' என்ற வரியும் சேர்ந்திருந்தது. ஃபைல் ஓடும். அந்த வரி வந்ததும் தன்னையே மறுபடி ஓட்டும். ஓடியது அதே வரிக்கு வந்து மறுபடியும் தன்னையே ஓட்டும். போகிற ஒவ்வொரு முறையும் அந்தச் செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டைப் பெரியநாயகத்துக்கு அனுப்பிவிட்டுப் போகும். புதிய தேதி வரி அதற்கும் கீழே, தன் முறை வராமலே நின்றுகொண்டிருந்தது.

"நிறுத்துண்ணா!"

கன்ட்ரோல் சி அடித்தான். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது நின்றது. அதைக் கூப்பிட்டது எழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஒரு மெயில் அனுப்பியது. மறுபடி அடித்தான். அதைக் கூப்பிட்டது எழுந்தது. எத்தனை கூப்பிட்டிருக்கிறதோ அத்தனையும் வரிசையில் நின்றது.

இன்னொரு பக்கம் பதில்கள் வந்து குவிந்தன. 'மிக நன்று', 'திருப்தி இல்லை', 'காரணம் என்ன', 'நான் இதை எதிர்பார்க்கவில்லை'. இவன் கம்ப்யூட்டர் ஒன்று அனுப்ப, அவர் ஒன்று அனுப்ப, இரண்டும் கோழிச்சண்டை மாதிரி மாறி மாறிக் கொத்திக்கொண்டன.

"சார் ஒண்ணு வுடாம படிக்கிறாரு" என்றாள் ஷாலின். "அவரு கை வலிக்காதா?"

வனமாமலை குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். கம்ப்யூட்டர் நிற்கவில்லை. மின்தடை வந்தாலும் ரிப்போர்ட் நிற்கக் கூடாது என்று அவனே கேட்டு வாங்கிய யூ.பி.எஸ். 'பீப், பீப்' என்று கத்திக்கொண்டு அதைக் காப்பாற்றியது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஐ.டி. பிரிவு டெனிசன் வந்தான். "யாருய்யா அது? பிளான்ட்டு மெயில் மொத்தமா படுத்துடுச்சு. ஸ்டோர்ஸ்ல ஒருத்தன் மெயிலும் போவல. பாத்தா நீ அனுப்புற, அவரு திருப்புறாரு, நீ அனுப்புற, அவரு திருப்புறாரு. உங்க ரெண்டு பேருக்கும் வேற பொழப்பே இல்லியா?"

"அவருக்கு உண்டு. மீட்டிங்ல இருக்காரு" என்றான் வனமாமலை, மேஜைக்கடியிலிருந்து.

டெனிசன் கம்ப்யூட்டரின் பின்னாலிருந்த நெட்வொர்க் வயரைப் பிடுங்கினான். மெயில் நின்றது. பிறகு கம்ப்யூட்டரையே அணைத்தான். பொங்கலிலிருந்து திறந்திருந்த கறுப்பு ஜன்னல், கற்றதையெல்லாம் மறந்துவிட்டு இருண்டது. வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "திங்கக்கெழம வந்து கேளு" என்று சொல்லிப் போனான்.

யூ.பி.எஸ். மட்டும் இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணா" என்றாள் ஷாலின். "நான் ஒண்ணு சொல்றேன். எங்கைல கால்குலேட்டர் கீது. நான் பாட்டுக்கு நாளைக்கு கைல கணக்குப் போட்டு ரிப்போர்ட் அனுப்பிடுறேன். முன்ன அப்டிதான செஞ்சிக்கினு இருந்தோம். நீ போ."

"இத ஏன் காலையிலயே சொல்லல?"

"நீ எங்கண்ணா வுட்ட?"

வனமாமலை ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நின்றுகொண்டிருந்தன. வண்டலூர் போகிற பஸ்ஸின் டிரைவர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். போன் மறுபடி அடித்தது.

"அத்தான், கெளம்பிட்டியளா?"

"பிள்ள, மேனேஜர் இன்னும் சரின்னு சொல்லல."

"அப்ப சரி" என்றாள் கனகலட்சுமி. குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. "பூ வாங்கியாச்சு. மோதிரத்த யாருக்குப் போடணும்னு ஒங்க மேனேஜர்ட்டயே கேட்டுச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

வனமாமலை வெகுநேரம் யோசிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக முறையாக யோசிக்காமல், போனிலேயே மேனேஜருக்கு மெயில் தட்டினான்: 'ஐயா, நான் ஊருக்குப் போகிறேன். வேலையை ராஜினாமா செய்கிறேன்.'

பதில் உடனே வந்தது.

"பார்த்தேன். திருப்தி இல்லை. மறுபடி அனுப்பவும்."

"ராஜினாமாவுக்குமா!" என்று ஷாலின் கத்தினாள்.

ஆனால் வனமாமலைக்கு வெட்கமாகப் போயிற்று. அவர் சொல்வது சரிதானே. தேதி போடவில்லை, பொருள் போடவில்லை, பெறுநர் அனுப்புநர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் பார்த்தால் பிரம்பை எடுத்திருப்பார். எல்லாவற்றையும் முறைப்படி போட்டு, 'பொருள்: பணி விலகல் தொடர்பாக' என்று எழுதி, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்து மறுபடி அனுப்பினான்.

"காரணம் என்ன? விளக்கவும்."

"கேக்காருலா" என்றான் வனமாமலை. விளக்கினான். அத்தை மகள், ஒருமுறை தள்ளிப்போன நிச்சயம், கேசரி, மாமா எடுத்திருக்கும் முடிவு எல்லாவற்றையும் எழுதினான். கனகலட்சுமியின் பெயரை ஒருமுறை மட்டும் எழுதினான்.

"நான் இதை எதிர்பார்க்கவில்லை."

வனமாமலையின் கண் கலங்கிவிட்டது. "மனசு ஒடஞ்சிட்டாரு ஷாலின். வெளிய கடுகடுன்னு இருந்தாலும் உள்ள ஒரு பாசம் இருந்திருக்கு. நமக்குத்தான் தெரியல."

"பஸ்ஸு ஸ்டார்ட் பண்ணிட்டாண்ணா!"

ஓடிக்கொண்டே கடைசி மெயிலைத் தட்டினான்: 'மன்னியுங்கள் ஐயா. என் முடிவில் மாற்றம் இல்லை. தங்களுக்கும் இந்தக் கம்பெனிக்கும் நான் செய்தது ஏதேனும் குறையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். போய்வருகிறேன்.'

கேட்டை நெருங்கும்போது பதில் வந்தது.

"மிக நன்று. இதையே தொடரவும்."

வனமாமலை நின்றுவிட்டான். பாசம் என்று நினைத்தது அவ்வளவு தூரம்தான். ஒழிந்தால் போதும் என்றுதான் இருந்திருக்கிறார். நிச்சயதார்த்தத்துக்கு வேலையில்லாத மாப்பிள்ளையாகப் போக வேண்டும். மாமா கேட்டால் என்ன சொல்வது? கேசரி சாப்பிட வருகிறவர்களில் ஒருவனுக்காவது வேலை இருக்குமே!

கேட்டில் செக்யூரிட்டி சக்திகுமார் அவன் பையைத் திறந்து பார்த்துக்கொண்டே, "இன்னா வனம், கல்யாண மாப்ள மூஞ்சி மாதிரியே இல்லியே?" என்றார்.

"வேலைய விட்டுட்டேன் அண்ணாச்சி."

"வேலையவா? இன்னாத்துக்கு?"

"காலையில இருந்து மேனேஜர் மெயில்லயே என்னைக் கொன்னுட்டாரு. என்ன அனுப்புனாலும் திருப்தி இல்ல. லீவுக்கு சரின்னும் சொல்லல. கடைசியில ராஜினாமா குடுத்தா, மிக நன்றுங்காரு. இந்தா பாருங்க" என்று போனை நீட்டினான்.

சக்திகுமார் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு வனமாமலையைப் பார்த்தார். வெளியே வண்டலூர் பஸ் ஹாரன் அடித்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடி அவன் தோளில் மாட்டினார்.

"நீதான் வேலையே வுட்டுட்டியே, இனிமே உன்னாண்ட சொன்னா இன்னா? பெரியநாயகம் சாரு முந்தாநேத்தே குடும்பத்தோட வேளாங்கண்ணி பூட்டாருப்பா. 'எவன் மெயில் போட்டாலும் மிஷினே மாத்தி மாத்தி பதில் போட்டுத் திட்டிக்கும், நான் லீவுல கீறது மட்டும் வனமாமலைக்குத் தெரிய வாணாம், அவனும் ஊருக்குக் கிளம்பிடுவான்'னு எங்கைல சொல்ட்டுதான் போனாரு."